ராமாபுரத்தை அழித்தது யார்?

“எங்க ஊரை மறுபடியும் அழிச்சுட்டான்டா எவனோ!”

கேன்டீன் மேஜையில் போனை வைத்துவிட்டு, தலையில் கை வைத்துக்கொண்டான் பிரசாந்த்.

தருண்குமார் தோசையிலிருந்து நிமிர்ந்தான். “ஊரையா?”

“விக்கிப்பீடியாவுல குரு! நம்ம ராமாபுரம் கட்டுரையில விவசாயம்னு ஒரு பத்தி இருந்துச்சில்ல, அது போச்சு. நேத்து சந்தை போச்சு. பேரு கூடப் போடல. ‘சான்று போதாது’ன்னு ஒரு வரி எழுதிட்டுப் போயிட்டான்.”

அந்த மைசூர்க் கல்லூரியில் தமிழ் எடுத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். சொர்ணலதா மேடம் இந்த முறை தேர்வுக்குப் பதிலாக ஒரு வேலை கொடுத்திருந்தார். நாலு பேர் சேர்ந்து ஓர் ஊரைப் பற்றித் தமிழ் விக்கிப்பீடியாவில் எழுத வேண்டும்.

“வெள்ளிக்கிழமை அன்னிக்கு யார் எழுதினது கட்டுரையில நிக்குதோ, அவங்களுக்குத்தான் மார்க். குரூப்புக்குன்னு மார்க் கிடையாது” என்றும் சொல்லியிருந்தார்.

சும்மா மிரட்டுகிறார் என்று நினைத்தார்கள். குழுவில்தான் ரூபா இருக்கிறாளே! குண்டலுபேட்டைப் பெண். ஆளுக்கொரு பத்தி எழுதச் சொல்லிக் கெஞ்சிப் பார்த்தாள். பிரசாந்தும் தருணும் மீனாவும் ‘நாளைக்கு, நாளைக்கு’ என்றார்கள். கடைசியில் முழுக் கட்டுரையையும் அவளே எழுதி முடித்தாள். ராமாபுரம் பிரசாந்தின் சொந்த ஊர். அதுவே தன் பங்கு என்று அவன் இருந்துவிட்டான்.

முந்தைய தேர்வுகளில் ஏற்கெனவே கோட்டை விட்டவன் அவன். இதிலும் மார்க் இல்லையென்றால் செமஸ்டர் எழுத விடமாட்டார்கள்.

ரூபாவுக்குப் போன் போட்டான்.

“எனக்குக் காய்ச்சல். ஹாஸ்டல்ல படுத்திருக்கேன். நீங்களே பாத்துக்கங்க.”

“பத்தி பத்தியாப் போகுது ரூபா! நீயே மறுபடி எழுதிடேன்.”

“முடியாதுப்பா, தலை வலிக்குது.” வைத்துவிட்டாள்.

“பாத்தியா? அவ மார்க்குக்கு என்ன பஞ்சம்! சமயம் பார்த்துக் கழட்டி விட்டுட்டா” என்றாள் அதே மேஜையில் இருந்த மீனா.

“பழசையே திருப்பிப் போட்டுட்டா?” என்றான் தருண்.

“பேடா குரு, வேண்டாம்” என்றான் பிரசாந்த். “ அவன் அழிக்க, நாம போடன்னு மாத்தி மாத்திப் பண்ணினா ரெண்டு பேரையும் தடை பண்ணிருவாங்கன்னு மேடம் சொன்னாங்க. சான்றோட புதுசாத்தான் எழுதணும்.”

வேறு வழியில்லாமல் பிரசாந்த் ஊருக்குப் போன் செய்தான்.

“ஏப்பா, நம்ம ஊர்ல என்னென்ன விளையுது?”

“காட்டுப் பக்கம் வாடான்னா வரமாட்டே. இப்ப என்னத்துக்குச் சாமி கேக்கறே?” என்று சிரித்தார் அவன் அப்பா நஞ்சுண்டசாமி. மகன் கேட்டுவிட்டானே என்ற சந்தோஷத்தில் ராகியில் ஆரம்பித்து மக்காச்சோளம், மஞ்சள், மழை ஏமாற்றிய கதை வரைக்கும் சொன்னார்.

அத்தனையையும் போனில் தட்டிவிட்டு, கடைசியில் ‘சான்று: எங்கள் அப்பா’ என்று போட்டான் பிரசாந்த்.

மீனா போனைப் பிடுங்கினாள். “லூசு! அச்சுல வந்தது வேணும்டா. உங்கப்பா என்ன புத்தகமா?”

புத்தகத்தைத் தருண் கண்டுபிடித்தான். நூலகத்தின் மூலையில், ராமாபுரம் இருக்கும் மாவட்டத்தைப் பற்றிய கன்னடப் புத்தகம். அவனுக்குத் தமிழை விடக் கன்னடம்தான் ஓடும். அவன் படித்துச் சொல்ல, மீனா தமிழில் எழுத, “எங்க ஊர்ல அப்படிச் சொல்ல மாட்டோம்” என்று பிரசாந்த் மல்லுக்கு நிற்க, ஒரு பத்தி முளைத்தது. சான்றோடு.

மறுநாள் இன்னொரு பத்தி காணாமல் போனது. அழித்தவனை வாயாரத் திட்டிக்கொண்டே அதையும் எழுதினார்கள். வியாழக்கிழமை நூலகத்தைப் பூட்ட வந்தவர், விளக்கை அணைத்துத்தான் அவர்களைக் கிளப்ப வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை நாலு பேரும் மேடம் அறையில் நின்றார்கள்.

“நல்லா வந்திருக்கு. பிரசாந்த், மீனா, தருண், மூணு பேரும் பாஸ். ரூபாவுக்குத்தான் மார்க் போட வழியில்ல. அவ எழுதினதுல ரெண்டு வரிதான் நிக்குது.”

காய்ச்சல் என்று படுத்துக்கொண்டவளுக்கு இதுதான் சரி என்று நினைத்துக்கொண்டான் பிரசாந்த்.

மேடம் கணினியை அவர்கள் பக்கம் திருப்பினார். “பேர் தெரியாத ஆள் அழிக்கிறான்னு சொன்னீங்களே, நேத்து ராத்திரி கடைசித் தடவை அழிச்சப்போ பேரை மறைக்க மறந்துட்டாங்க. பாருங்க.”

திரையில் ரூபாவின் பெயர் இருந்தது.

“நீயா?” பிரசாந்த் கத்தினான். “காய்ச்சல்னு பொய் சொல்லிட்டு எங்களை ஃபெயிலாக்கப் பாத்தியா? இவளைச் சும்மா விடக்கூடாது மேடம்!”

ரூபா அடையாள அட்டையின் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“கத்தாதே. எதையெல்லாம் அழிச்சிருக்கான்னு முதல்ல படி.”

யார் எழுதியது, யார் அழித்தது எல்லாம் அந்தப் பக்கத்தில் வரிசையாக இருந்தன. பிரசாந்த் படித்தான். சந்தை, ரூபா எழுதியது. விவசாயம், ரூபா எழுதியது. பள்ளிக்கூடம், அதுவும் அவள் எழுதியதுதான். மற்ற மூவரும் எழுதியதில் ஒரு புள்ளிகூடக் கலையவில்லை.

“நான் எழுதினது இருந்தா இவங்க எழுத இடமில்ல மேடம்” என்றாள் ரூபா, தரையைப் பார்த்தபடி.

பிரசாந்த் கணினியை மேடம் பக்கமே திருப்பி வைத்தான்.

“மேடம், அழிச்சதுக்கு மார்க் போடற மாதிரி ஏதாச்சும் வழி இருக்குங்களா?”