கோட்டுக்குள் ஒரு கூடு

பந்தத்தைத் தாழ்த்தியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

நாலடி முன்னால், முட்புதருக்குள் ஒரு கூடு. உள்ளே மூன்று வாய்கள், திறந்தபடி.

சிரிப்பான் குஞ்சுகள். இந்த மலையுச்சியை விட்டால் அந்தப் பறவைக்கு வேறு போக்கிடம் இல்லை என்று போன வாரம்தான் வனவர் படம் காட்டிச் சொல்லியிருந்தார். அதன் பாட்டைக் கேட்க எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் வருகிறார்கள். அது என்னடாவென்றால், எரியப்போகிற இடமாகப் பார்த்துக் குடிவந்திருக்கிறது.

மேலே பைன் காடு. கீழே சாலையோரப் புல். நடுவே பத்தடி அகலத்தில் தீத்தடுப்புக் கோடு. கோடை வருமுன் அதில் கிடக்கும் ஊசிச் சருகை எரித்துவிட வேண்டும். பிறகு சாலையிலிருந்து எவன் பீடியை எறிந்தாலும் தீ காட்டுக்குள் ஏறாது.

ஏறினால் பைன் மட்டும் போகாது. அதன் நிழலில் முளைத்து நிற்கும் சோலைமரக் கன்றுகள் போகும். சோலைமரப் பழத்தைத் தின்று, கொட்டையை இன்னொரு நிழலில் போடும் சிரிப்பான்களும் போகும்.

புதரை மட்டும் விட்டுவைக்கலாமென்றால், கோடையில் தீ மேலே ஏற அதைச் சுற்றிக் கிடக்கும் சருகே போதும்.

அவள் வைத்த தீ பின்னால் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது.

ஒன்பது மணிக்குக் காற்று எழும். இப்போது மணி எட்டு.

மேஸ்திரி பெரியண்ணன் வளைவுக்கு அப்பால் இருந்தார். கூப்பிட்டால் என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். அதனாலேயே கூப்பிடவில்லை.

பந்தத்தை மண்ணில் குத்தி அணைத்தாள். முழங்காலிட்டு, புதரைச் சுற்றிக் கிடந்த சருகை வெறுங்கையால் வாரி வாரி எறிந்தாள். மண் தெரிந்தது. தோளில் கிடந்த ஈரச்சாக்கை எடுத்துப் புதரின் மேல் போர்த்தினாள்.

தாய்ப்பறவை கிளைக்குக் கிளை தாவிக் கத்தியது.

"செத்த பொறு தாயி," என்றாள் அதனிடம்.

தீ வந்தது. வெறும் மண்ணைத் தொட்டதும் தயங்கியது. இரண்டாகப் பிரிந்து புதரைச் சுற்றிக்கொண்டு நடந்தது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது காற்று எழுந்தது. அரைமணி முன்னதாகவே.

வாரிய சருகையெல்லாம் எந்தப் பக்கம் எறிந்தோம் என்று அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். மேல்பக்கம். காட்டோரம். முழங்கால் உயரக் குவியல்.

பதினோரு வருடமாகக் கோடு எரிக்கிறவள். சருகைக் கீழ்ப்பக்கம்தான் தள்ள வேண்டும் என்று புது ஆட்களுக்குச் சொல்லித் தருபவளே அவள்தான்.

குவியலின் அடியில் புகை.

மண்ணை அள்ளி அள்ளிக் கொட்டினாள். அடங்கவில்லை. தீ நிமிர்ந்து முதல் கன்றின் இலையைச் சுருட்டியது.

ஈரமாக இருந்தது ஒரே ஒரு சாக்கு.

கூட்டைப் பார்க்காமல் அதை இழுத்தாள். குவியலின் மேல் விரித்து, அதன் மேல் விழுந்து அமுக்கினாள். உள்ளங்கை பொசுங்கியது. முதுகுக்குப் பின்னால் காற்று தீயைப் புதர்ப்பக்கம் சாய்க்கும் சத்தம் கேட்டது. முள் சடசடத்தது.

அவள் திரும்பவில்லை.

புகை அடங்கியபோது பெரியண்ணன் ஓடி வந்தார். கன்றுகளைப் பார்த்தார். ஒன்றைத் தவிர எல்லாம் பச்சையாக நின்றன. காடு தப்பியது என்று பெருமூச்சு விட்டார். அவள் கைக்குத் தண்ணீர் ஊற்றினார். ஊற்றிக்கொண்டே காது கொடுத்தார்.

"மேல என்னமா பாடுது பாரு புள்ள."

ஒரே பறவை. ஒரே நாலு சுரம், மூச்சு விடாமல், திரும்பத் திரும்ப.

"ஆமாண்ணே," என்றாள்.

கோடு இன்னும் பாதி கிடந்தது. தீப்பெட்டிக்கு அவரிடம் கையை நீட்டினாள்.