வெறும் பெட்டி

வாக்குப்பதிவு தொடங்கக் கால் மணி நேரம் இருந்தது. அலுவலர் பெட்டியை மூடப் போனபோது வெள்ளத்தாய், "சார், கவுத்துக் காட்டுங்க" என்றாள். அவள் கட்சிக்கு அந்த ஊரில் மொத்தமே பதினாறு பேர். இருபத்தைந்து வருடங்களில் ஊராட்சித் தலைவர் கட்சியைத் தவிர வேறு ஏஜெண்ட் அந்தப் பள்ளிக்கூடத்துக்குள் உட்கார்ந்ததே இல்லை. பெஞ்சில் இடம் கிடைக்காது என்று தெரிந்து, வீட்டிலிருந்தே நாற்காலி தூக்கி வந்திருந்தாள்.

"நான்தான் கையெழுத்துப் போட்டுட்டேன்லா? ஒவ்வொரு தேர்தலுக்கும் அப்படித்தானே மூடுதோம்" என்றார் தலைவரின் ஏஜெண்ட் தவசியப்பன்.

"நீங்க போட்டுட்டீய அண்ணாச்சி. நான் இன்னும் போடலியே."

அலுவலர் பெட்டியைத் தூக்கி மேசைமேல் கவிழ்த்தார். கொஞ்சம் துருப்பொடி உதிர்ந்தது, அவ்வளவுதான்.

வரிசையின் முதலில் நின்ற பெண் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எங்களுக்கும் காட்டுங்கய்யா" என்றாள். அலுவலர் பெட்டியை ஜன்னலோரம் கொண்டுபோனார். வரிசை நகர்ந்தது. ஒவ்வொருவராகக் கம்பியில் நெற்றியை வைத்து ஒன்றுமில்லாத பெட்டிக்குள் ஆசைதீரப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் திரும்பி நடந்தபோது முன்பைவிட நிமிர்ந்திருந்தார்கள்.

கடைசி ஆள் பார்த்து முடிக்கும்வரை வெள்ளத்தாய் பேனாவைத் திறக்கவில்லை. பிறகு பெட்டிக்கு முத்திரை வைக்கும் தாளில், தவசியப்பன் கையெழுத்துக்குப் பக்கத்தில், தன் முழுப்பெயரையும் தாளின் விளிம்புவரை எழுதினாள்.

அலுவலர் மூடியைப் பொருத்தப் போனார்.

"கொஞ்சம் இருங்க சார்" என்ற தவசியப்பன், சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு பெட்டிக்குள் குனிந்தார்.