டொனாத்தோ என்றால்

"டொனாத்தோவா? கிழவன் பேர் மாதிரி இருக்கே!" என்று முகம் சுளித்தான் ரொமுலோ.

"இந்தப் பேர்தான் வைக்கணும்" என்றாள் அவன் மனைவி ரோசெல். குழந்தையை அணைத்தபடி பிலிப்பைன்ஸின் இலோயிலோ நகரத் தேவாலயத்துக்குள் நடந்தாள்.

ஞானஸ்நானத்தில் ஞானத்தாயாக நிற்க வந்திருந்த அவளுடைய அக்கா தெல்மா, குழந்தையையே பார்த்துக் கண் கலங்கினாள்.

மெழுகுவர்த்தி கொடுத்த பெண்மணி ரோசெலின் காதில் சொன்னாள்: "பாவம், உங்க அக்காவுக்குப் பிள்ளை இல்லையா? பார்வையிலயே ஏக்கம் தெரியுதே. கொஞ்சம் தூக்கக் கொடும்மா."

ரோசெல் தயங்கினாள். ஆனாலும் கொடுத்தாள். தெல்மாவின் கைகள் குழந்தையை இறுக்கிக்கொண்டன.

பெயரைக் கேட்ட பாதிரியார் மகிழ்ந்தார். "நல்ல லத்தீன் பேர்! 'கொடுக்கப்பட்டவன்'னு அர்த்தம். கடவுள் கொடுத்த பிள்ளை!"

"எனக்குக் கொடுத்தது அக்காதான் ஃபாதர்" என்றாள் ரோசெல். "எனக்குப் பிள்ளை பிறக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இவனைப் பெத்தது அவதான். அது மறந்துடக் கூடாதுன்னுதான் இந்தப் பேர்."

பாதிரியார் தெல்மாவைத் திரும்பிப் பார்த்தார்.

தெல்மா குனிந்து குழந்தையின் நெற்றியில் முத்தமிட்டாள். பிறகு அவனை ரோசெலிடம் நீட்டினாள்.

"இந்தாடி, பிடி. அம்மாவைத் தேடப்போறான்."