பரணில் பதின்மூன்றாவது

துண்டில் பொதிந்து, பச்சைப் பிள்ளையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு, பின்வாசல் வழியாகப் பூனை நடை போட்டு வந்தார் பல் டாக்டர். மனைவி குளிக்கப் போயிருந்த நேரம்.

உள்ளே இருந்தது பிள்ளையில்லை, கணினி. வெளிநாட்டு வீட்டுக் கணினியைப் பார்த்து, அந்தக் காலச் சோவியத் நாட்டில் செய்த நகல். இந்த ரகத்தில் ஏற்கெனவே பன்னிரண்டு, போர்வை போர்த்திப் பரணில் உட்கார்ந்திருந்தன. பதின்மூன்றாவது வந்தால் மொத்தமும் பழைய சாமான் கடைக்கு. அது மனைவி போட்ட சட்டம்.

இடம் இருக்காதே என்று பயந்துகொண்டேதான் ஏணியில் ஏறினார். நல்ல வேளை, நெருக்கித் தள்ளாமலே உள்ளே போய்விட்டது.

"அங்க என்ன பண்றீங்க?" கீழே மனைவி, ஈரத் தலையோடு.

"தூசி தட்டறேன்மா."

"எல்லாம் ஒரே டப்பா. இதுல பன்னிரண்டு எதுக்கோ!"

மனிதருக்குச் சுருக்கென்றது. "ஒரே டப்பாவா? ஒவ்வொரு ஃபேக்டரியும் கைக்குக் கிடைச்சதை வச்சுப் பண்ணினது. ஒண்ணுல கேசட் போட்டதும் கேம் வந்துடும். இன்னொண்ணை நாலு தடவை கெஞ்சணும். என் கண்ணைக் கட்டு, தொட்டே சொல்றேன்!"

"அதையும் பாத்துடலாம்."

அவளே ஏறி இரண்டை இறக்கி மேஜையில் வைத்தாள். துண்டால் அவர் கண்ணை இறுக்கிக் கட்டினாள்.

முதல் பெட்டியைத் தடவியதுமே, "இது நான் முதன்முதலா வாங்கினது" என்றார். சரிதான்.

இரண்டாவதின் மேல் விரல்கள் ஊர்ந்தன. பல்லைத் தட்டிப் பார்ப்பதுபோல ஒவ்வொரு பட்டனையும் தட்டினார். முகம் பூரித்தது.

"அடடா, என்ன ஒரு வேலைப்பாடு! பட்டன் பஞ்சாட்டம் அமுங்குது பார். நம்ம பன்னிரண்டுல ஒண்ணுகூட இப்படிக் கிடையாது, இது புத்தம் புதுசா இன்னைக்குத்தான்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கட்டை அவிழ்த்தபோது மனைவி இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

"கடிகாரக் கடைக்காரர்கிட்ட வாங்கினேன்" என்றார். "என் ரேடியோவைக் கொடுத்துட்டு. இதை மட்டும் திருப்பிக் கொடுத்துடறேன். மத்த பன்னிரண்டையும் விட்டுடும்மா."

அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"பயப்படாதீங்க, இப்பவும் பன்னிரண்டுதான், போன மாசம் நம்ம பரண்லேருந்து இதை எடுத்து அவருக்குத் தூக்கிக் கொடுத்ததே நான்தான்!"