நாற்பதாவது டீ

“2071 மார்ச் 9. டீக்கணக்கில் ஒன்று பிசகிவிட்டது. வைத்திலிங்கம் சார் குடித்தது முப்பத்தொன்பது. நாற்பது என்று பதிந்தவன் நான்.”

அலுவலக டீக்கணக்கைப் பதியும் கோமதிநாயகம் தன் நோட்டில் இதை எழுதி முடித்து மறுபடியும் எண்ணிப் பார்த்தான். துப்புரவுப் பணியாளரோடு ஒரே மேசையில் நாற்பது நாள் டீ குடித்தால் சாதி நம்பிக்கை போய்விடும் என்பது சட்டம். பழக்கமே நம்பிக்கையாகிறது என்றுதான் அவன் படிக்கப் போகும் மாலை வகுப்பிலும் சொல்லித் தந்தார்கள். நாற்பது முடித்தவருக்குச் சான்றிதழ்; அது இருந்தால்தான் பதவி உயர்வு. வைத்திலிங்கத்துக்கு அது நேற்றே கிடைத்துவிட்டது.

அவன் அவருடைய அறைக்குப் போனான். “சார், ஒரு டீ குறையுது. பூவாயி அக்கா கேன்டீன்லதான் இருக்காங்க.”

“சான்றிதழ்தான் வந்தாச்சே தம்பி, இனிமே அவகூட எவன் உக்காருவான்? தினமும் வீட்டுக்குப் போனதும் தலை முழுகிட்டுத்தான் சோத்துல கையே வச்சேன்” என்று சிரித்தார் அவர்.

முப்பத்தொன்பது டீ, முப்பத்தொன்பது முழுக்கு. எண்ணத் தெரிந்த மேதாவிகள் பாதியைத்தான் எண்ணியிருக்கிறோம் என்று நினைத்தபடி அவன் கேன்டீனுக்கு நடந்தான்.

அத்தனை நாளும் அவரோடு டீ குடித்த துப்புரவுப் பணியாளர் பூவாயி கேட்டாள்: “உங்க சாரு வரலியா? சாதி நம்பிக்கை மறுபடி முத்திப்போச்சோ?”

அவன் நின்றபடியே பேனாவை எடுத்தான்.

“நீயும்தான் இத்தனை நாளா நின்னுக்கிட்டே எழுதுற. உக்காந்தா பேனா எழுதாதா?”

வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தவன், படியிலேயே நோட்டைத் திறந்து எழுதினான்:

“நாளை காலை: சாருடைய சான்றிதழை ரத்து செய்ய எழுதித் தர வேண்டும். என் வேலை போகலாம். அதற்கு முன் பூவாயி அக்காவோடு உட்கார்ந்து ஒரு டீ. அதைப் பதியக் கூடாது.”