கண்ணைத் திறக்கலாம்

மழைக்கு ஒதுங்கியவர்கள் பாதி, பயப்படவே வந்தவர்கள் பாதி என்று பாங்கர் நகரத்துத் தியேட்டரில் மதிய ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கிறது. திரையில் ஒரு குழந்தையின் கட்டிலுக்கடியிலிருந்து வெள்ளைக் கையுறை ஒன்று மெல்ல நீள்கிறது. பின்னாலேயே கோமாளியின் முகம் வரும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஜோலீன் இமைக்காமல் பார்க்கிறாள்; வெண்ணெய் ஊறிய பாப்கார்னை ஒவ்வொன்றாக வாயில் போட்டுக்கொள்கிறாள். பக்கத்தில் அவள் அண்ணன் டுவைட், மரம் ஏற்றும் லாரி ஓட்டுகிற ஆறடி ஆள், தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு கிடக்கிறான். சின்ன வயதில் டிவியில் கோமாளி வந்தாலே போர்வைக்குள் ஒளிந்த தங்கையைப் ‘பயந்தாங்கொள்ளி’ என்று ஊரெல்லாம் சொன்னவன் இவன்தான். “போயிட்டான், கண்ணத் தொற” என்று நம்பவைத்து, அந்தக் கோமாளியின் கோரைப்பல்லை நேருக்கு நேர் பார்க்கவைத்தவனும் இவன்தான்.

“ஜோ, போயிட்டானா?” தொப்பிக்குள்ளிருந்து குரல் வருகிறது.

“இன்னும் இல்ல.”

“என்ன பண்றான்?”

“உன்னத்தான் தேடுறான்.”

“சும்மா இருடி.”

வயலின் ஓசை தேய்ந்து நிற்கிறது. யாருடைய கோப்பையிலோ ஐஸ் கட்டி சரிவதுகூடக் கேட்கிறது. திரை முழுக்க வெளுத்த முகம். வாய் இப்போதுதான் பிளக்கத் தொடங்குகிறது. அந்த வெளிச்சம் ஜோலீனின் கன்னத்தில் பாலாக வழிகிறது. அவள் அண்ணனின் தோளைப் பரிவோடு தட்டுகிறாள்.

“போயிட்டான் டுவைட். கண்ணத் தொற.”

அவன் போட்ட அலறலில் முன்வரிசை மொத்தமும் திரும்புகிறது. பாப்கார்னைச் சிந்தாமல் அணைத்தபடி ஜோலீன் அவர்களைப் பார்த்துத் தலையசைக்கிறாள்.

“மன்னிச்சுக்கோங்க. கொஞ்சம் பயந்தாங்கொள்ளி.”