வாய்க்கட்டு

ஆதுரி மந்திரத்தின் பாதியில் இருந்தபோது காட்டுக்குள்ளிருந்து ஒரு குரல் கூப்பிட்டது.

"ஏ ஆதுரி! என்னைய விட்டுட்டுப் போயிராதீங்கடா!"

நிதாய் மாமாவின் குரல்.

நிதாய் மாமா படகில் உட்கார்ந்திருந்தார்.

யாரும் அசையவில்லை. காசெம் சாச்சாவின் கையில் துடுப்பு அப்படியே நின்றது. பொல்டு வாயில் போட்ட பொரியை மெல்லாமல் வைத்திருந்தான்.

"திரும்பிப் பாக்காதீங்க," என்றார் சாச்சா, உதடு அசையாமல். "அது அவரு. மனுசக் குரல்ல கூப்பிடுவாரு. பதில் குடுத்தா முடிஞ்சுது."

அவர் என்றால் தக்கிண ராய். இந்த அலையாத்திக் காட்டை ஆள்கிறவர். அந்த மிருகத்தின் பெயரைப் படகில் யாரும் சொல்வதில்லை. பசித்தால் கோடு போட்ட தோலில் வருவார். ஏமாற்ற நினைத்தால் ஆள் உருவிலும் வருவார்.

ஆதுரிக்குப் பதினேழு வயது. தேன் எடுக்கப் போகிறவர்களோடு போய் தக்கிண ராயின் வாயை மந்திரத்தால் கட்டுவது அவள் அப்பாவின் வேலை. குளிர் முடிவதற்குள் அப்பா காய்ச்சலில் செத்துப்போனார். மந்திரம் வேறு யாருக்கும் தெரியாது. தேன் காலத்தை விட்டால் வருசம் முழுக்கக் கஞ்சிதான். அதனால் அவளை ஏற்றிக்கொண்டார்கள்.

காலையில் சேற்றில் முதல் காலை வைத்தவள் அவள்தான். ஒரு பிடி மண்ணை அள்ளி, காட்டுக்குள் வருகிறவர்களைக் காக்கும் வனபீபியைக் கும்பிட்டு, கட்டினாள். கட்டிய வாய் கடிக்காது, தின்னாது, கத்தாது. திரும்பும்போது எல்லாரும் படகேறிய பிறகு, அதே சேற்றில் நின்று அவிழ்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அவிழ்க்காமல் போனால் அவர் பட்டினியில் கிடந்து சாவார். வனபீபி மன்னிக்க மாட்டாள். கட்டியவளின் தொண்டையிலும் அப்புறம் சோறு இறங்காது.

கட்டு பிடித்ததா என்று அவளுக்கு நாள் முழுக்கத் தெரியவில்லை. ஒவ்வொரு புதரைக் கடக்கும்போதும் நின்று காது கொடுத்தாள்.

இப்போது முழங்கால் சேற்றில், படகின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்று, அவிழ்க்கும் மந்திரத்தைப் பாதி சொல்லியிருந்தாள். நீர் வடிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் வடிந்தால் படகு தரையில் உட்கார்ந்துவிடும். உட்கார்ந்தால் அடுத்த ஏற்றம் வரை, இருட்டில், இங்கேயேதான்.

"வேரு கால்ல குத்திருச்சு புள்ள, ஓட முடியல! பொல்டு, டேய் தின்னிப் பண்டாரம், வந்து தூக்குடா!"

பொல்டு பொரியைத் துப்பினான். அவனை அப்படிக் கூப்பிடுகிறவர் மாமா ஒருவர்தான்.

"அச்சு அசல் நம்ம மாமா மாதிரியே பேசுறாரு," என்று முனகினான். "மாமா, நீங்களே கேளுங்க."

மாமா திரும்பவில்லை. படகின் முனையில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். தலையோடு முகத்தையும் சேர்த்துத் துண்டால் சுற்றியிருந்தார். மத்தியானம் தேனடைக்குப் புகை போட்டபோது ஈக்கள் கிளம்பி, ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். புகை அடங்கி எல்லாரும் திரும்பியபோது அவர் முன்பே வந்து அங்கே உட்கார்ந்திருந்தார். கொட்டு வாங்கி முகம் வீங்கியிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். சோறு வைத்தார்கள். தொடவில்லை.

தூக்கத்திலும் பேசுகிற மனுசன் வாயே திறக்கவில்லை. பொல்டு அப்போதே கேலி செய்தான்: "ஆதுரி, உன் மந்திரம் மாமா வாயையும் சேத்துக் கட்டிருச்சு போல. அவுத்துடாத தாயே, ஊரே உன்னைக் கும்பிடும்."

அவளும் சிரித்திருந்தாள்.

"சீக்கிரம் முடி புள்ள," என்றார் சாச்சா. "கடைசி வார்த்தையச் சொல்லிட்டு ஏறு. தள்ளிருவோம்."

அந்த வார்த்தை நாக்கு நுனியில் நின்றது. சொன்னால் கட்டு அவிழும். படகு நகரும். விடிவதற்குள் வீடு.

காட்டுக்குள் குரல் உடைந்தது. இப்போது அழுகை. அழுகைக்கு நடுவே அம்மாவைக் கூப்பிட்டது, சாச்சாவின் குடும்பத்தையே இழுத்து வைதது, மறுபடி அழுதது.

ஆதுரி கையிலிருந்த மண்ணை இறுக்கினாள்.

காலையில் கட்டினேன். இன்னும் அவிழ்க்கவில்லை.

கட்டிய வாய் கத்தாது.

குரல் கத்திக்கொண்டே இருந்தது.

அப்படியென்றால் அவள் கட்டு பிடித்திருந்தது. நாள் முழுக்க அவள் வேண்டிக்கொண்டது அதுதான். அது தெரிந்த நொடியில், மத்தியானத்திலிருந்து படகில் இருப்பவர் ஏன் வாய் திறக்கவில்லை என்பதும் தெரிந்தது.

படகின் முனையில் இருந்தவர் மெதுவாகத் திரும்பினார்.

துண்டின் இடுக்கில் கண்கள் மட்டும் தெரிந்தன. அவை சாச்சாவைப் பார்க்கவில்லை. பொல்டுவைப் பார்க்கவில்லை. ஆதுரியின் உதடுகளையே பார்த்தன.

அவள் கடைசி வார்த்தையை விழுங்கினாள். காட்டுப் பக்கம் திரும்பி, இருந்த மூச்சையெல்லாம் கூட்டிக் கத்தினாள்.

"தவழ்ந்தாவது வாங்க மாமா! நாங்க நிக்கிறோம்!"

சாச்சா துடுப்பைப் போட்டுவிட்டு நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

படகின் முனையில் இருந்தவர் மறுபடி அவள் உதடுகளைப் பார்த்தார். இரண்டு கைகளையும் மெல்ல உயர்த்தி, அந்தக் கடைசி வார்த்தைக்காக அவளைப் பார்த்துக் கும்பிட்டார்.